சர்வருக்குள்ள டேப் டிரைவ் மாட்டப் போறீங்களா, மொதல்ல அதுக்கு தீனி ரெடி பண்ணுங்க

எல்டிஓ டிரைவ், அதாவது கேட்ரிட்ஜுக்குள்ள இருக்குற காந்த டேப்ல பேக்கப் எழுதுற டிரைவ், ஒழுங்கா எழுதுதா இல்லையான்னு தெரிஞ்சுக்க லாக்கெல்லாம் பாக்க வேணாம், பக்கத்துல போய் நின்னு காத குடுத்தா போதும். நல்லா ஓடுறப்ப ஒரே சீரா உஸ்ஸுன்னு ஒரு சத்தம், டேப் இந்த முனைலேர்ந்து அந்த முனைக்கு போய் திரும்புற எடத்துல மட்டும் சின்னதா ஒரு மூச்சு, அப்புறம் மறுபடி உஸ்ஸு. அதுவே சர்ர்ர்னு ஓடி, டக்குன்னு நின்னு, கொஞ்சம் பின்னாடி வந்து, மறுபடி சர்ர்ர்னு சில செகண்டுக்கு ஒரு தடவ இழுத்துக்கிட்டு கெடந்துச்சுன்னா டிரைவுக்கு டேட்டா பத்தலன்னு அர்த்தம். இதுக்கு ஷூ ஷைனிங்னு பேரு, ஷூ பாலிஷ் போடுறவர் துணிய முன்னயும் பின்னயும் இழுப்பாரே அது மாதிரி. இப்படியே விட்டா ஸ்பீடும் போச்சு, டேப்பும் தேயும், டேப்ப படிச்சு எழுதுற ஹெட்டும் தேயும். சர்வருக்குள்ள இன்டர்னல் டிரைவ் மாட்டி பேக்கப் எடுக்கலாம்னு எறங்குறவங்க நெறைய பேர் டிரைவ் மாடல், வெல, வாரண்டி எல்லாம் அலசிட்டு இத மட்டும் கோட்ட விடுவாங்க, நானும் அப்படி விட்டவன் தான். அதனால தான் எழுதுறேன்.

அதுக்கு முன்னாடி டேப் உங்களுக்கு வேணுமான்னு ஒரு தடவ யோசிச்சுக்கோங்க. மொத்த டேட்டாவே 4, 5 டிபி தான்னா இத இத்தோட மூடிட்டு நல்ல ஹார்ட் டிஸ்க் ரெண்டு மூணு வாங்கி மாத்தி மாத்தி பேக்கப் எடுங்க, அதுவே தாராளம். டேப்ல டிரைவ் தான் வெல, புதுசுன்னா லட்சக்கணக்குல வரும், கேட்ரிட்ஜ் சில ஆயிரம் தான். ரெண்டு டேப்புக்காக டிரைவ் வாங்கினா நட்டம், வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போற வீடியோ ஃபுட்டேஜ், ஸ்கேன் ஃபைல், டிசைன் ஃபைல்னு முப்பது நாப்பது டேப் தேறும்னா அங்க தான் கணக்கு நேராகும். இன்னொரு விஷயம், அலமாரில இருக்குற டேப்ப எந்த ரான்சம்வேராலயும் (ஃபைலெல்லாம் பூட்டி வச்சு காசு கேக்குற வைரஸ்) தொட முடியாது. 2011 பிப்ரவரி கடைசில ஜிமெயில்ல ஒரு சாஃப்ட்வேர் பக்னால சுமார் 0.02 சதவீதம் பேரோட மெயில் காணாம போச்சு, பல டேட்டா சென்டர்ல காப்பி வச்சிருந்தும் அந்த பக் காப்பிகளையும் சேத்து அடிச்சிடுச்சு, கடைசில கூகுள் டேப்லேர்ந்து தான் திரும்ப எடுத்து குடுத்தாங்க. கூகுளுக்கே அந்த கதின்னா நாமெல்லாம் எம்மாத்திரம்.

சரி வாங்குறதுன்னு முடிவு பண்ணியாச்சு, எந்த ஜெனரேஷன்? எல்டிஓ 6 ஒரு டேப்புக்கு 2.5 டிபி, 7 வந்தா 6 டிபி, 8க்கு 12, 9க்கு 18, 2025ல வந்த 10க்கு 30 டிபி. பொட்டி மேல போட்டிருக்குற நம்பர நம்பாதீங்க, அது கம்ப்ரெஷனோட சேத்து, 6லேர்ந்து எல்லாத்தையும் ரெண்டரையால பெருக்கி போட்டிருப்பாங்க. எச்பிஇ கம்பெனியோட எல்டிஓ 8 டிரைவுக்கு அல்ட்ரியம் 30750ன்னே பேரு, அதாவது 30 டிபி, செகண்டுக்கு 750 எம்பின்னு அர்த்தம். நெசத்துல 12 டிபி, 300 எம்பி. வீடியோ, போட்டோ, ஜிப் ஃபைல் மாதிரி ஏற்கனவே அமுக்கி வச்ச டேட்டா இதுக்கு மேல ஒரு பொட்டு கூட அமுங்காது, அதனால கணக்க எப்பவுமே நேட்டிவ் சைஸ, அதாவது அமுக்காத நெச சைஸ வச்சே போடுங்க.

பழைய டேப் கையில இருந்தா இத நல்லா படிச்சுக்கோங்க. 7 வரைக்கும் ஒரு டிரைவ் தனக்கு முந்தின ரெண்டு ஜெனரேஷன் டேப்ப படிக்கும், முந்தின ஒண்ணுல எழுதவும் செய்யும். 8 வந்தப்ப இது மாறிப்போச்சு, அது 7யும் 8யும் தான் தொடும், 6 டேப்ப போட்டா துப்பிடும். 9க்கு 8ம் 9ம் மட்டும். 10 தன்னோட டேப்ப தவிர வேற எதையும் சீண்டாது. பழைய ஆர்க்கைவ் எல்டிஓ 5ல கெடக்குது புது டிரைவ் 8 வாங்கிக்கலாம்னு ஆர்டர் போட்டுட்டு அப்புறம் செகண்ட் ஹேண்ட்ல 5 டிரைவ் தேடி அலைஞ்ச ஆபீஸ் ஒண்ண எனக்கு நல்லா தெரியும். இன்னிக்கு புதுசா ஆரம்பிக்கிற சின்ன ஆபீஸ்னா என் ஓட்டு 8க்கு தான். 9 வாங்கினா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, புது டேப்ப மொத தடவ உள்ள போட்டதும் டிரைவ் அத அளந்து தன்ன சரி பண்ணிக்கும், சராசரியா 40 நிமிஷம், சில நேரம் 2 மணி நேரம் வரைக்கும் கூட போகும். என்னமோ மாட்டிக்கிச்சுன்னு நெனச்சு பவர ஆஃப் பண்ணிடாதீங்க.

இன்டர்னல் டிரைவ்ங்கிறது பழைய டிவிடி டிரைவ் உக்காருற அந்த அஞ்சேகால் இஞ்ச் பே-ல உக்காரும் ஹாஃப் ஹைட் சமாச்சாரம். அதனால மொதல்ல சர்வர்ல அந்த பே இருக்கான்னு பாருங்க. டவர் சர்வர்ல சிலதுல இருக்கும், சிலதுல தனியா மீடியா பே கிட் வாங்கணும், மெல்லிசா இருக்குற ரேக் சர்வர்ல எல்லாம் வாய்ப்பு ரொம்ப கம்மி, அதுக்கு வெளிய வைக்கிற எக்ஸ்டர்னல் டிரைவ் தான் வழி. அடுத்தது காத்து. டேப் டிரைவ் சூடு தாங்காது, அது வழியா காத்து ஓடணும், ஆனா ஓடுற காத்துல தூசி இருக்கக் கூடாது. பஞ்சு பறக்குற மில்லு, சிமெண்டு தூசி வர்ற குடோன் ஆபீஸ் இங்கல்லாம் சர்வர் ரூம் கதவ தொறந்து போட்டு ஓட்டினா டிரைவ் சீக்கிரமே க்ளீனிங் டேப் கேக்க ஆரம்பிச்சிடும்.

கனெக்ஷன் சாஸ் (SAS) தான், சாதா டிஸ்க் மாட்டுற சாட்டா (SATA) போர்ட்ல போகாது. மதர்போர்டுல சாஸ் இல்லன்னா ஒரு எச்பிஏ கார்டு (HBA, டிரைவ அப்படியே சிஸ்டத்தோட இணைக்கிற கார்டு) வேணும், எச்பிஏ தான், பல டிஸ்க ஒண்ணா சேத்து காட்டுற ரெய்டு கார்டு இல்ல. ரெய்டு கார்டு நெறையா டேப் டிரைவ கண்ணாலயே பாக்காது, பாத்தாலும் கம்பெனி சப்போர்ட் இல்லன்னு கைய விரிச்சிடுவாங்க. ஒரு தடவ நண்பன் ஃபோன் பண்ணி டிரைவ் டெட் பீஸா வந்துடுச்சுடா, ரிட்டர்ன் போடப் போறேன்னான். போய் பாத்தா சர்வரோட வந்த ரெய்டு கார்டுல சொருகி வச்சிருக்கான். எல்எஸ்ஐ 9300-8i மாதிரி ஒரு எச்பிஏ கார்ட ஐடி மோடுல (IT mode, ரெய்டு வேல எதுவும் பாக்காம டிரைவ அப்படியே காட்டுற மோடு) போட்டு மாட்டினோம், பூட் ஆனதும் டிரைவ் சமத்தா வந்து நின்னுச்சு. கேபிள்லயும் கவனமா இருங்க, கார்டு பக்கம் மினி சாஸ், டிரைவ் பக்கம் டேட்டாவும் பவரும் சேந்து வர்ற சாஸ் கனெக்டர், கேபிள் நடுவுல பவருக்கு ஒரு வால் தொங்கும், அத பவர் சப்ளைலேர்ந்து வர்ற வயர்ல சொருகணும். யானையையே வாங்கிட்டு அங்குசத்துக்கு பேரம் பேசாதீங்க, நல்ல கேபிளா வாங்குங்க. விஎம்வேர்ல ஓட்டுறவங்க டேப்ப நேரா விஎம்முக்கு (சர்வருக்குள்ள ஓடுற விர்ச்சுவல் மெஷின்) குடுக்க மல்லு கட்டாம எச்பிஏ கார்ட முழுசா அந்த விஎம்முக்கே பாஸ் த்ரூ பண்ணி, அதாவது நேரா ஒப்படைச்சு விடுங்க, நான் பேக்கப்புக்குன்னு தனி மெஷினே வச்சிட்டேன், நிம்மதியா இருக்கு.

இப்ப தீனி. எல்டிஓ 8 ஹாஃப் ஹைட் செகண்டுக்கு 300 எம்பி சாப்பிடும். 12 டிபி டேப் முழுசா ரொம்புறதுக்கு சுமார் 11 மணி நேரம் ஆகும். இதே டேட்டா இன்னொரு சர்வர்லேர்ந்து ஒரு கிகாபிட் நெட்வொர்க் வழியா வருதுன்னு வச்சுக்கோங்க, அதுல தலைகீழா நின்னாலும் 110, 115 எம்பிக்கு மேல வராது, 30 மணி நேரம் ஆகும். டிரைவ் கொஞ்சம் விட்டுக் குடுக்கும், வர்ற டேட்டாவுக்கு ஏத்த மாதிரி ஸ்பீட கொறச்சுக்கும், ஆனா அதுக்கும் ஒரு அடிமட்டம் இருக்கு, அது நூத்துக்கு மேல தான். அதுக்கு கீழ போனா தான் நான் மேல சொன்ன அந்த பாலிஷ் போடுற சத்தம். இதுல கம்ப்ரெஷன் வேற, டெக்ஸ்டு லாக் மாதிரி நல்லா அமுங்குற டேட்டான்னா டிரைவ் அமுக்கி அமுக்கி எழுதும், அப்ப இன்னும் அதிகமா கேக்கும்.

இதுக்கெல்லாம் ஒரே வழி, நெட்வொர்க்லேர்ந்து நேரா டேப்புக்கு எழுதாதீங்க. டிரைவ் மாட்டின மெஷின்லயே மொதல்ல ஒரு டிஸ்க்ல டேட்டாவ எறக்கி வச்சுக்கோங்க, அதுக்கப்புறம் அங்கேர்ந்து டேப்புக்கு. சாதா ஹார்ட் டிஸ்க் ஒண்ணுன்னா பெரிய ஃபைல்ல 200 எம்பி கிட்ட வரும், சின்ன சின்ன ஃபைலா லட்சக்கணக்குல இருந்தா 20க்கு கூட எறங்கிடும், டேப் பட்டினி. எஸ்எஸ்டி இருந்தா உத்தமம், இல்லன்னா நாலஞ்சு டிஸ்க ரெய்டுல போடுங்க. எங்க ஆபீஸ்ல ஃபைல் சர்வர்ல முக்காவாசி குட்டி குட்டி பிடிஎஃப், அத அப்படியே டேப்புக்கு தள்ளினப்ப ராத்திரி முழுக்க டிரைவ் இழுத்துக்கிட்டே கெடந்துச்சு, காலைல வந்து பாத்தா ஒரு டிபி கூட ஏறல. அதே ஃபோல்டர மொதல்ல எஸ்எஸ்டில பெரிய பெரிய டார் ஃபைலா (tar, நெறைய ஃபைல ஒரே மூட்டையா கட்டுற புரோகிராம்) கட்டி வச்சுட்டு அதுக்கப்புறம் டேப்புக்கு விட்டேன், சத்தமே மாறிடுச்சு.

லினக்ஸ்ல இத செய்யுறது ரொம்ப கஷ்டமில்ல. எல்எஸ்ஸ்கஸின்னு (lsscsi) ஒரு கமாண்ட் இருக்கு, அத அடிச்சா டிஸ்க் வரிசைக்கு நடுவுல டேப்னு ஒரு வரி வரும், வந்துச்சுன்னா வயரிங் சரி. அப்புறம் டேப்ப ஓட்டுற எம்டி (mt) பேக்கேஜ இன்ஸ்டால் பண்ணி ஸ்டேட்டஸ் கேளுங்க, டேப் உள்ள இருக்கா, எத்தனாவது ஃபைல்ல நிக்குது, ரைட் புரொடெக்ட் ஆகியிருக்கா எல்லாம் சொல்லிடும். இங்க ஒரு கண்ணி வெடி இருக்கு. ஒரே டிரைவ் ரெண்டு பேர்ல தெரியும், எஸ்டி 0 (st0), என்எஸ்டி 0 (nst0). மொதல்ல சொன்னது ஒவ்வொரு வேல முடிஞ்சதும் டேப்ப தானா ஆரம்பத்துக்கு சுத்திடும், ரெண்டாவது நின்ன எடத்துலயே நிக்கும். நான் புதுசுல எஸ்டில திங்கக்கெழம பேக்கப் எழுதினேன், செவ்வாக்கெழம பேக்கப்ப எழுதினேன், புதன் எழுதினேன், எல்லாம் வெற்றின்னு தான் வந்துச்சு. வியாழக்கெழம திங்கக்கெழம ஃபைல் ஒண்ணு வேணும்னு அக்கவுண்ட்ஸ் அக்கா கேட்டப்ப தான் தெரிஞ்சுது டேப்ல புதன் மட்டும் தான் இருக்குன்னு, ஒவ்வொரு நாளும் மொதல்லேர்ந்து மேல மேல எழுதியிருக்கேன். அன்னிலேர்ந்து கை தானா என்எஸ்டி தான் அடிக்கும். ஏற்கனவே எழுதின டேப்ல தொடர்ந்து எழுதணும்னா எம்டில ஈஓடின்னு (eod) குடுத்து டேட்டா முடியுற எடத்துக்கு போயிட்டு எழுதுங்க, நாலாவது பேக்கப்ப படிக்கணும்னா ஆரம்பத்துக்கு சுத்திட்டு எஃப்எஸ்எஃப் 3 (fsf 3) குடுத்தா மூணு தாண்டி நாலாவது வாசல்ல போய் நிக்கும்.

டார்ல எழுதுறீங்கன்னா பிளாக் சைஸ பாத்துக்கோங்க. டார் சும்மா விட்டா 10 கேபி 10 கேபியா எழுதும், இந்த ஸ்பீடுக்கு அது டீ ஸ்பூன்ல அண்டா ரொப்புற வேல. பிளாக்கிங் ஃபேக்டர் 512ன்னு குடுத்தா 256 கேபி ஆகும், 1024 குடுத்தா 512 கேபி. எந்த நம்பர் போட்டீங்களோ அத டேப் மேலயே எழுதி வைங்க, ஏன்னா படிக்கிறப்ப அதவிட சின்ன நம்பர் குடுத்தா மெமரி பத்தலன்னு சம்பந்தமே இல்லாத எரர் வரும், ரேம் மாத்துனவங்க எல்லாம் இருக்காங்க. டாருக்கும் டேப்புக்கும் நடுவுல எம்பஃபர்னு (mbuffer) ஒரு புரோகிராம சொருகிடுங்க, அதுக்கு 8 ஜிபி ரேம் ஒதுக்கி, 90 சதவீதம் ரொம்பினதுக்கு அப்புறம் தான் டேப்புக்கு விடணும்னு சொல்லிடலாம். வீட்டுல தண்ணி டேங்க் எதுக்கு வைக்கிறோம், அதே தான், கார்ப்பரேஷன் தண்ணி விட்டு விட்டு வந்தாலும் கொழாய்ல ஒரே சீரா வரும்.

டார் வேணாம், டிஸ்க் மாதிரி ஃபோல்டர தொறந்து இழுத்து போடணும்னா எல்டிஎஃப்எஸ் இருக்கு, எல்டிஓ 5லேர்ந்து வேல செய்யும், டேப்ப பார்மேட் பண்ணி மவுண்ட் பண்ணினா விண்டோஸ்லயும் லினக்ஸ்லயும் மேக்லயும் ஃபோல்டரா தெரியும். எடிட்டிங் ஸ்டூடியோக்காரங்க அடுத்தவங்களுக்கு ஃபுட்டேஜ் குடுக்க இது அருமையான வழி. ஆனா டிஸ்க் மாதிரி தெரியுதே ஒழிய அது டிஸ்க் இல்ல. ஒரு ஃபைல அழிச்சா எடம் திரும்ப வராது, மொத்தமா பார்மேட் பண்ணினா தான் வரும். தம்ப்னெயில் வியூல ஃபோல்டர தொறந்தீங்கன்னா ஒவ்வொரு படத்துக்கும் அது கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீள டேப்ப அங்கயும் இங்கயும் சுத்தும், எல்டிஓ 8 டேப் 960 மீட்டர், சும்மா இல்ல. தெனசரி சர்வர் பேக்கப்புக்கு ஒழுங்கான சாஃப்ட்வேரே போட்டுக்கோங்க, எந்த ஃபைல் எந்த டேப்லன்னு கேட்டலாக் வச்சுக்கும், இலவசத்துல பாக்குலா, பாரியோஸ் இருக்கு, ப்ராக்ஸ்மாக்ஸ் ஓட்டுறவங்களுக்கு அதோட பேக்கப் சர்வர்லயே டேப் சப்போர்ட் இருக்கு. விண்டோஸ் சர்வரோட கூட வர்ற பேக்கப்ப நம்பிடாதீங்க, 2008 வெர்ஷனோட டேப் சப்போர்ட்ட தூக்கிட்டாங்க. அப்புறம் அந்த கேட்டலாக்கயும் தனியா பேக்கப் எடுங்க, சர்வரோட சேந்து அதுவும் போயிட்டா எந்த டேப்ல என்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா ஓட்டிப் பாக்கணும், டேப்புக்கு அர நாள்.

என்கிரிப்ஷன் டிரைவுக்குள்ளயே இருக்கு, எல்டிஓ 4லேர்ந்து ஏஇஎஸ் 256. டேப்ப பைக்ல வச்சு வெளிய எடுத்துட்டு போறோம்ல, கண்டிப்பா போடுங்க. சாஃப்ட்வேர்ல என்கிரிப்ட் பண்ணி அனுப்புறத விட டிரைவ்ல பண்றது நல்லது, டிரைவ் மொதல்ல அமுக்கிட்டு அப்புறம் பூட்டும், நீங்க பூட்டி அனுப்பினா அதால அமுக்க முடியாது. சாவிய அதே சர்வர்ல மட்டும் வச்சிருக்காதீங்க, பேப்பர்ல பிரிண்ட் எடுத்து ரெண்டு எடத்துல பூட்டி வைங்க. சாவி தொலஞ்சா டேப் வெறும் பிளாஸ்டிக் டப்பா.

டேப்ப மாத்தி மாத்தி எழுதுற சுத்துமுறைக்கு தாத்தா அப்பா பையன்னு சொல்வாங்க, தெனசரி டேப் பையன், வாரத்துக்கு ஒண்ணு அப்பா, மாசக் கடைசி டேப் தாத்தா. பையன் டேப்ப அடுத்த வாரம் திருப்பி எழுதிக்கலாம், தாத்தாவ மட்டும் தொடக்கூடாது, எழுதி முடிச்சதும் கேட்ரிட்ஜ் ஓரத்துல இருக்குற அந்த குட்டி சிவப்பு ஸ்விட்ச லாக் பக்கம் தள்ளிட்டு ஆபீஸ்லேர்ந்து வெளிய கொண்டு போயிடுங்க. லேபிள பின்னாடி பக்கம் அதுக்குன்னு இருக்குற பள்ளத்துல மட்டும் ஒட்டுங்க, மேல ஸ்கெட்ச் பேனால எழுதின செல்லோ டேப்ப ஒட்டி அது டிரைவுக்குள்ள கழண்டு மாட்டுன கதையும் பாத்தாச்சு.

கேட்ரிட்ஜ் கீழ விழுந்தா அப்படியே எடுத்து டிரைவுல போடாதீங்க. ஓரத்துல ஒரு சின்ன கதவு இருக்கும், வெரலால மெதுவா தள்ளி பாருங்க, உள்ள ஒரு கம்பி மாதிரி பின் நிக்கும், டிரைவ் அதத்தான் புடிச்சு டேப்ப இழுக்கும். அது தன் எடத்துல ஒழுங்கா நிக்கணும், சாஞ்சிருந்தாலோ உள்ள போயிருந்தாலோ போடாதீங்க, டிரைவ் போயிடும். பல வருஷம் வைக்கிற டேப்புக்கு 16லேர்ந்து 25 டிகிரி, ஈரப்பதம் 20லேர்ந்து 50 சதவீதம்னு சொல்றாங்க, சென்னைல ஏசி இல்லாத ரூம்ல அந்த ஈரப்பதம் கனவுல தான் வரும், அதனால பீரோல வைக்கிறவங்க ஏசி ரூம் பீரோவா பாத்து வைங்க, படுக்க போடாம நிக்க வைங்க. வெளிய வெயில்லேர்ந்து கொண்டு வந்த டேப்ப ஒரு நாள் அந்த ரூம்லயே வச்சு ஆற விட்டுட்டு போடுங்க. பழைய டேப்ப டிகாஸ் மெஷின்ல (பலமான காந்தத்தால அழிக்கிற மெஷின்) அழிச்சா அதுக்கப்புறம் அது குப்பை தான், ஹெட் எங்க நிக்கணும்னு காட்ட ஃபேக்டரில எழுதி வச்ச சர்வோ ட்ராக்கும் சேந்து போயிடும், திருப்பி எழுத முடியாது.

க்ளீனிங் டேப்ப மாசாமாசம் போடணும்னு சில பேர் சொல்வாங்க, வேணாம். டிரைவ் கேட்டா மட்டும் போடுங்க, ஐபிஎம் மெக்கானிசம் இருக்குற டிரைவ்ல முன்னாடி இருக்குற ஒத்த எழுத்து டிஸ்ப்ளேல சி-ன்னு காட்டும், அப்ப போட்டா போதும், ஒரு க்ளீனிங் கேட்ரிட்ஜ் சுமார் 50 தடவ வரும். போட்டும் போட்டும் அந்த சி திரும்ப திரும்ப வந்தா ஒரு குறிப்பிட்ட டேப் போடுறப்ப தான் வருதான்னு பாருங்க, பெரும்பாலும் டேப் தான் கெட்டிருக்கும்.

கடைசியா ரீஸ்டோர். எழுதுறப்பவே டிரைவ் ஒவ்வொண்ணையும் படிச்சு சரி பாத்துக்கும் தான், ஆனா அது டேப்ல ஏறினது சரியான்னு தான் பாக்கும், நீங்க அனுப்பினதே காலி ஃபோல்டர்னா அதையும் பக்குவமா எழுதி வச்சிடும். அதனால பேக்கப் எடுக்குறதுக்கு முன்னாடி எல்லா ஃபைலுக்கும் செக்சம் (ஃபைல் மாறியிருக்கான்னு கண்டுபிடிக்கிற கைரேகை மாதிரி நம்பர்) லிஸ்ட் ஒண்ணு எடுத்து டேப்லயும் வெளியவும் வைங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஒரு தாத்தா டேப்ப கண்ண மூடிட்டு எடுத்து, அதுல நடுவுல ஒரு ஃபோல்டர், கடைசில ஒரு ஃபோல்டர வேற மெஷின்ல எறக்கி செக்சம் ஒத்துப் போகுதான்னு பாருங்க, முடிஞ்சா வேற டிரைவ்ல போட்டு பாருங்க. எவ்வளவு நேரம் ஆச்சுங்கிறதையும் குறிச்சு வைங்க, சர்வர் படுத்த அன்னிக்கு முதலாளி வந்து எப்ப வரும்னு கேக்குற மொத கேள்விக்கு அந்த சீட்டுல இருக்குறது தான் பதில். எங்க சீட்டுல கடைசியா எழுதினது, 4 டிபி, அஞ்சு மணி நேரம் பத்து நிமிஷம், ரெண்டு ஃபைல்ல செக்சம் ஒத்துக்கல, ரெண்டுமே பேக்கப் ஓடுறப்ப யாரோ தொறந்து வச்சிருந்த எக்செல்.